32 ஆண்டுகள், ஒரே ஓர் இந்தியர்: பேராயர் அசரியாவும் ஆங்கிலிக்கன் சபையும்

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது ஞாயிறு பள்ளியிலேயே தெரிந்துவிடும் செய்தி. ஆண்டு மலர்களில் படம் வரும், நினைவு நாளில் பாமாலை பாடுவார்கள்.

அவ்வளவாகப் பேசப்படாத செய்தி வேறொன்று. ஒரு திருமண்டலத்தை, அதாவது ஒரு பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைப் பகுதியை, முழுப் பொறுப்போடு நடத்தும் அடுத்த இந்தியப் பேராயர் வருவதற்கு 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி அசரியா காலமானார். இடையில் இந்தியர் ஓரிருவர் துணைப் பேராயர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். முதல் உலகப் போர், ரவுலட் சட்டம், ஒத்துழையாமை, உப்புச் சத்தியாகிரகம், மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சி என்று நாடு தலைகீழாக மாறிய 32 ஆண்டுகளில் இந்திய ஆங்கிலிக்கன் சபை திருமண்டலப் பொறுப்பில் நம்பி அமர்த்திய இந்தியர் ஒருவர் மட்டுமே. அசரியாவின் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் யாரோடு போராடினார், எதை வைத்துப் போராடினார் என்பது அப்போதுதான் விளங்கும்.

அவர் பிறந்தது 1874 ஆகஸ்ட் 17-இல், வெள்ளாளன்விளையில். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், தேரி மணலும் பனங்காடுமாகக் கிடக்கும் பகுதி. தகப்பனார் தாமஸ் வேதநாயகம் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த கிராம ஐயர், அதாவது சபைக் குரு. தாயார் எலன். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்து, வேதாகமத்தில் சாமுவேலின் தாய் அன்னாளைப் போல் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். நாடார் குடும்பம். கோயிலுக்குள் விடமாட்டோம், இந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்றெல்லாம் அந்தச் சமூகத்தின் மேல் கட்டுப்பாடுகள் இருந்த காலம். மிஷன் பள்ளிக்கூடம் அங்கே எழுத்தறிவோடு தலைநிமிர்வையும் கொடுத்தது. மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டை, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று அசரியாவின் படிப்பு போனது. இறுதித் தேர்வு நேரத்தில் நோயில் விழுந்ததால் பட்டம் வாங்கவில்லை. பிற்பாடு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1895-இலிருந்து 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1898-இல் அன்பு மாரியம்மாள் என்ற படித்த பெண்ணை மணந்தார். கல்லூரிப் படியேறிய தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்த நாள். வரதட்சணை கிடையாது, ஆடம்பரம் கிடையாது என்று முடிவு செய்து நடந்த கல்யாணம் அது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிடையே இன்றைக்கும் இது எளிதாக நடக்கிற காரியமில்லை.

சுற்றுப்பயணங்களில் ஊருக்கு ஊர் ஒரே காட்சிதான். மிஷன் பங்களாவில் துரை, வெளியே நிற்கும் இந்திய உபதேசியார். பணம் லண்டனிலிருந்து வருகிறது, தீர்மானமும் அங்கிருந்தே வருகிறது. 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது அவர் வேறொன்றைப் பார்த்தார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டி, தமிழகக் கடற்கரைப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்ன யாழ்ப்பாணச் சபைகளால் முடிவது, நூறாண்டு தாண்டிய திருநெல்வேலிச் சபைகளால் ஏன் முடியாது? 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஊழியர்கள் இந்தியர், நிர்வாகம் இந்தியர், பணம் இந்தியருடையது என்பதே அடிப்படை விதி. வீடுகளில் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடி அரிசிதான் அந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தாங்கியது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோது, கிறிஸ்தவத் தலைவர் கே.டி. பாலோடு அசரியாவும் முன்னணியில் நின்றார். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் மூண்டிருந்த ஆண்டு அது. அந்தக் காற்று சபைக்குள்ளும் வீசியது.

திருநெல்வேலியின் இந்திய மிஷனெரி சங்கம் தனக்கென்று தேர்ந்த ஊர் டோர்ணக்கல். நிஜாம் ஆட்சிக்குட்பட்ட ஹைதராபாத் சமஸ்தானத்தின் தென்கிழக்கு மூலை, சிங்கரேணி நிலக்கரிக்காகக் கிளை ரயில்பாதை பிரியும் சந்திப்பு. தெலுங்கு பேசும் பகுதி. பனங்காட்டுத் தமிழர்கள் பிடி அரிசி சேர்த்துத் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆறு ஆண்டுகள் சங்கத்தின் செயலராக இருந்து ஆட்களை அனுப்பிய அசரியா, 1909-இல் தாமே குருப்பட்டம் பெற்று அங்கே போனார். வயது 35. தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு எடின்பரோ. 1910 ஜூனில் அங்கே கூடிய உலக மிஷனெரி மாநாட்டுக்குச் சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். உலகம் முழுவதையும் கிறிஸ்துவிடம் கொண்டுவருவது எப்படி என்று பேசக் கூடிய அந்தக் கூட்டத்தில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையே உள்ள ஒத்துழைப்பு என்ற தலைப்பு அசரியாவுக்கு. இந்தியாவில் மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே ஒட்டாத்தன்மை இருக்கிறது, மனம்விட்டுப் பேசும் பழக்கம் இல்லை, இரக்கப்பட்டுக் காட்டும் அன்பு நட்பாகிவிடாது என்று அவர் நேருக்கு நேர் சொன்னார். உரையின் கடைசிப் பகுதி இப்படிப் போகிறது: இனி வரும் காலமெல்லாம் இந்தியத் திருச்சபை மிஷனெரிகளின் வீரத்துக்கும் தன்னலமற்ற உழைப்புக்கும் நன்றியோடு சாட்சி சொல்லும். உங்கள் உடைமைகளை ஏழைகளுக்கு உணவாகக் கொடுத்தீர்கள். உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!

வேதாகமம் தெரிந்த காதுக்கு இதன் கூர்மை உடனே உறைக்கும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 13-ஆம் அதிகாரம்: அன்னதானம் பண்ணினாலும், சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும், அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் மனப்பாடமான அதிகாரம். நீங்கள் செய்த தியாகம் எல்லாம் சரி, அந்த ஒன்று இல்லையே என்று அவர்களுடைய வேதத்தை வைத்தே அவர்களிடம் சொல்லிவிட்டார். சிலர் கைதட்டினார்கள், பலருக்கு முகம் கறுத்தது. இந்தியாவில் வேலைபார்த்த மிஷனெரிகள் சிலர் வெளிப்படையாகவே கோபப்பட்டார்கள்.

அவரை இந்த உரைக்குத் தூண்டியவர் ஓர் ஆங்கிலேயர் என்பதையும் மறைக்கக்கூடாது. சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். தத்துவ அறிஞர் ஆல்பிரட் நார்த் ஒயிட்ஹெட்டின் சகோதரர். அசரியாவைப் பேராயராக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். நட்பு வேண்டும் என்று கேட்ட மனிதருக்கு அது கிடைத்த இடமும் உண்டு, அந்த நட்பில்லாமல் அபிஷேகம் நடந்திருக்காது. கேட்பவருக்குப் பதவி கிடைக்க, கேட்கப்படுபவரின் கை வேண்டியிருந்தது. அந்தக் காலத்தின் சிக்கல் அதுதான்.

அபிஷேகத்துக்கு என்ன தடை என்று விளக்க வேண்டும், ஏனென்றால் சட்டம்தான் அங்கே சாக்காக நின்றது. இந்தியாவின் ஆங்கிலிக்கன் சபை அப்போது இங்கிலாந்துத் திருச்சபையின் பகுதி. அரசரின் சாசனத்தின் மூலம் பேராயர்கள் நியமிக்கப்பட்டார்கள். ராணுவ முகாம்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் இருந்த வெள்ளைக்காரச் சபைகளும் அவர்களுடைய பொறுப்பில்தான். வெள்ளைக்காரக் கலெக்டருக்கு ஓர் இந்தியர் மேய்ப்பராக இருப்பதா? வெள்ளைக்கார மிஷனெரி ஓர் இந்தியருக்குக் கீழ்ப்படிவதா? எதிர்ப்பின் உண்மையான சாரம் இதுவே. எதிர்ப்பு ஐரோப்பியரிடமிருந்து மட்டும் வரவில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களிலும் தங்களை உயர்ந்த சாதியாக எண்ணியவர்களுக்கு ஒரு நாடார் பேராயராவது கசந்தது.

ஒயிட்ஹெட் கண்ட வழி புத்திசாலித்தனமானது, அதே சமயம் வருத்தமும் தருவது. அசரியாவை முதலில் சென்னைப் பேராயரின் துணைப் பேராயராக அபிஷேகம் செய்வது, டோர்ணக்கல் என்ற சிறு பகுதியை அவர் பொறுப்பில் விடுவது. ராபர்ட் கால்டுவெல்லும் எட்வர்ட் சார்ஜென்ட்டும் 1877-இல் இதே கல்கத்தாவில் துணைப் பேராயர்களாகத்தான் அபிஷேகம் பெற்றார்கள் என்பதால் முன்மாதிரி இருந்தது. டோர்ணக்கல் பிரிட்டிஷ் மாகாணத்துக்கு வெளியே, சமஸ்தானத்துக்குள் இருந்தது இன்னொரு வசதி. ஆக, திருநெல்வேலியில் பிறந்து, திருநெல்வேலிச் சபையின் பணத்தில் ஊழியம் தொடங்கியவருக்குத் திருநெல்வேலித் திருமண்டலம் கிடைக்கவில்லை. அது ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. இந்தியருக்குக் கிடைத்தது ரயில் சந்திப்பும் அதைச் சுற்றிய காட்டுக் கிராமங்களும்.

அந்தக் கிராமங்களில்தான் அவர் தம்மை நிரூபித்தார். 1920-ஐ ஒட்டி டோர்ணக்கல் திருமண்டலம் விரிவாக்கப்பட்டு, சென்னை மாகாணத்தின் தெலுங்கு மாவட்டங்களில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரு ஆங்கிலிக்கன் மிஷன்கள் வளர்த்த சபைகளும் அதில் சேர்ந்தன. மசூலிப்பட்டினத்தில் 1841-இலிருந்து வேரூன்றிய மிஷன் முதல் எல்லாம் இப்போது ஓர் இந்தியரின் கீழ். ஐரோப்பிய மிஷனெரிகள் அவரிடம் உத்தரவு வாங்கி வேலை செய்தார்கள். 1935-இல் ஏ.பி. எலியட் என்ற ஐரோப்பியர் அவருக்குத் துணைப் பேராயரானார். 1912-இல் நடக்கவே நடக்காது என்று சொன்னது கண்ணெதிரே நடந்தது.

சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள், நிலமில்லாக் கூலிகள். தனித்தனியாக வரவில்லை, குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாக வந்தார்கள். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் அசரியா கிராமங்களைச் சுற்றினார். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் இந்த மக்களின் நான்கு எதிரிகள் என்று சொல்லி, பிரசங்கத்தில் திரும்பத் திரும்ப அடித்தார். கூட்டுறவுச் சங்கம், மருந்தகம், அச்சகம் எல்லாம் திருமண்டல வேலையாயின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் வாய்ப்பாடமாகவும், சுவிசேஷக் கதைகளைத் தெலுங்குக் கீர்த்தனைகளாகவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அவர் ஞானஸ்நானம் பெற்றவர்களைச் செய்யச் சொன்ன ஒன்று. ஒவ்வொருவரும் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும்: நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ. ஆங்கிலிக்கன் முறையில் கையைத் தலையில் வைப்பது பேராயரின் அதிகாரம். குருப்பட்டமும், ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் அப்படித்தான் நடக்கும். அந்தச் செயலை, நேற்றுவரை கிணற்றில் தண்ணீர் மொள்ள அனுமதியில்லாத ஒரு கூலிப் பெண் தன் கையாலேயே தன் தலையில் செய்கிறாள். ஊழியம் ஐயருடையது, நாம் கேட்பவர்கள் என்ற நினைப்பை இதைவிட நேராக உடைக்க முடியாது.

குருமார்களைத் தேர்ந்ததிலும் இதே போக்குதான். ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்காகக் காத்திராமல், கிராமத்தில் ஆண்டுக்கணக்கில் உபதேசியாராக உழைத்துத் தேறியவர்களைத் தெலுங்கிலேயே பயிற்றுவித்துப் பட்டம் கொடுத்தார். அவர்களுடைய மனைவிமாரும் படிக்க வேண்டும். சம்பளத்தை வெளிநாட்டிலிருந்து எதிர்பார்க்கக்கூடாது என்பதால் காணிக்கையைப் பற்றி விடாமல் பேசினார், கிறிஸ்தவக் கொடுத்தல் பற்றித் தனி நூலே எழுதினார். பஞ்சைகளிடம் போய்க் காணிக்கை கேட்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். கொடுக்கத் தெரியாத சபை எப்போதும் கைநீட்டியே நிற்கும் என்பது அவர் கட்சி. இதில் நான் அவர் பக்கம்தான். ஆனால் அவர் கண்டிப்பான தகப்பனைப் போல நடந்துகொண்டார் என்பதும் மெய். எதை உண்பது, எந்தத் திருவிழாவுக்குப் போவது, பிள்ளைக்கு எந்த வயதில் கல்யாணம் என்பது வரை ஒழுங்குகள் வைத்தார். தமிழர் ஒருவர் தெலுங்கர்களுக்கு வகுத்த ஒழுங்குகளும் அதில் அடக்கம்.

டோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையானது. கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இங்கிலாந்துச் சபைகளின் கூர்மாடக் கோபுரத்தை அவர் வேண்டாம் என்றுவிட்டார். குவிமாடங்களும் மினார்களும் மேலே, திராவிடக் கோயில் பாணித் தூண்கள் உள்ளே. நிஜாம் நாட்டில் வாழும் இந்தியக் கிறிஸ்தவர்களின் வீடு அந்த நாட்டின் முகத்தோடு இருக்கட்டும் என்ற தெளிவு.

இப்படிப் பெருங்கூட்டமாக மக்கள் வந்ததுதான் அவரைக் காந்தியடிகளோடு மோதவும் வைத்தது. அரசியலில் அசரியா தேசியவாதிகளுக்கு உதவியாகவே இருந்தவர். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம், அது சபையை இன்னொரு சாதியாக்கிவிடும் என்று துணிந்து சொன்னார். ஆனால் 1936-37-இல் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் காந்தி மதமாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். அமெரிக்க மிஷனெரித் தலைவர் ஜான் மாட் (John Mott) என்பவருடன் பேசும்போது, பசுவிடம் போய்ச் சுவிசேஷம் சொல்வீர்களா, தீண்டப்படாதவர்களில் சிலர் புரிந்துகொள்வதில் அதைவிட மோசம் என்ற பொருளில் அவர் சொன்னது அச்சிலும் வந்தது. காந்தியின் கவலை ஆசை காட்டி ஆள்சேர்ப்பதைப் பற்றியது என்று எவ்வளவு நல்லெண்ணத்தோடு படித்தாலும், அந்த வாக்கியத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. மாலாவும் மாதிகாவும் தங்கள் கடவுளைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் அறிவுள்ளவர்கள் என்பதை அசரியா தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களிடம் வந்த மாற்றத்தைக் கண்டு பிற சாதியாரும் சபைக்கு வருவதைக் காட்டிப் பதில் சொன்னார்.

காந்தியிடம் அசரியாவுக்குப் பதில் இருந்தது. அம்பேத்கரிடம் இல்லை. இந்து மதத்தைவிட்டு வெளியேறப் போவதாக அம்பேத்கர் அறிவித்த பின் இருவரும் சந்தித்தார்கள். அம்பேத்கர் இரண்டு கேள்விகள் கேட்டதாகப் பதிவு. நாங்கள் கிறிஸ்தவர்களானால், எந்த ஊரில் வாழ்ந்தாலும் ஒரே சபையாக ஒன்றுபட்டிருக்க முடியுமா? சாதி வேறுபாடு அங்கே அடியோடு இருக்காதா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாமல், வாழ்நாளில் என்றும் இல்லாத அவமானத்தோடு திரும்பி வந்ததாக அசரியா பிறகு சொன்னார். எடின்பரோவில் மேடையேறிக் கேள்வி கேட்டவர், இங்கே கேட்கப்படும் இடத்தில் நின்றார்.

முதல் கேள்விக்காக அவர் அதற்கு வெகு முன்பே உழைக்கத் தொடங்கியிருந்தார். மிஷன்கள் நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டதால் குண்டூரில் லுத்தரன், நெல்லூரில் பாப்டிஸ்ட், மேதக்கில் மெதடிஸ்ட் என்று ஊருக்கு ஒரு சபை. வேலை தேடி ஐம்பது மைல் போன கூலிக்காரர் வேறு சபைக்காரராகிவிடுவார், அங்கே நற்கருணைகூடக் கிடைக்காது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் என்றோ நடந்த சண்டைகளின் பெயரை ஆந்திரக் கிராமத்துக் கூலி ஏன் சுமக்க வேண்டும்? 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர். அசரியா தலைமை. ஒன்றாவோம் என்று அங்கே விட்ட அறிக்கையிலிருந்துதான் தென்னிந்தியத் திருச்சபையின் பேச்சுவார்த்தை பிறந்தது. 1927-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் திருச்சபைகளின் ஒற்றுமைக்காகக் கூடிய மாநாட்டில், கிறிஸ்தவ நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், மற்ற நாடுகளில் அது பாவமும் இடறலும் என்று அவர் சொன்னது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது.

பேச்சுவார்த்தை கால் நூற்றாண்டுக்கு மேல் இழுத்ததற்குக் காரணம் அவர் வகித்த பதவியேதான். பேராயர் கைவைத்துத்தான் குருப்பட்டம் செல்லும் என்பது ஆங்கிலிக்கன் கொள்கை. பேராயர்களே இல்லாமல் வளர்ந்த மற்றச் சபைகளின் போதகர்களை மறுபடி அபிஷேகம் செய்ய வேண்டுமா? செய்தால் அவர்கள் இதுவரை கொடுத்த நற்கருணை என்ன ஆவது? கடைசியில், பழைய போதகர்கள் அப்படியே ஏற்கப்படுவார்கள், இனிமேல் பட்டம் பெறுபவர்கள் மட்டும் பேராயர் கையால் பெறுவார்கள், 30 ஆண்டு கழித்து மறுபரிசீலனை என்று உடன்பாடு வந்தது. ஆங்கிலிக்கன் பொதுச் சங்கம் அதற்கு ஒப்புதல் கொடுத்தது 1945 ஜனவரியில், அசரியா இறந்த அதே மாதம்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியது. டோர்ணக்கல் திருமண்டலத்தின் நந்தியால் பகுதிச் சபைகளில் பெரும்பாலானவை அதில் சேர மறுத்துப் பல ஆண்டுகள் ஒதுங்கியே நின்றன, அசரியாவின் சொந்தத் திருமண்டலத்திலேயே அந்த விரிசல். அம்பேத்கரின் இரண்டாவது கேள்வி இன்னும் மோசமான நிலையில் கிடக்கிறது. பேராயர் தேர்தலில் சாதிக்கணக்குப் பார்ப்பது எங்கள் சபைகளில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கி வைத்தது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது, அசரியா ஞானஸ்நானம் கொடுத்த மாலா, மாதிகாக்களின் பேரப்பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை.

தூய ஜார்ஜ் பேராலயத்தின் அந்தத் தொடக்க ஆராதனையை நடத்தியவர் பேராயர் சி.கே. ஜேக்கப். திருவிதாங்கூர்-கொச்சித் திருமண்டலத்துக்கு 1945-இல் பொறுப்பேற்றவர், அசரியாவுக்குப் பிறகு அந்த நிலைக்கு வந்த அடுத்த இந்தியர்.